வாட்ஸ்அப் பிசினஸ்: ஒரு சேலைக் கடைக்கு இது போதுமா?

வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு சேலைக் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஆரணிப் பட்டு, கொஞ்சம் காட்டன். புதிதாகக் கடை போடும் தோழிகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இன்ஸ்டாவா, ஃபேஸ்புக்கா, தனியாக வெப்சைட்டா? முதலில் வாட்ஸ்அப் பிசினஸ், அதாவது கடைக்காரர்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் ஆப், போடுங்கள் என்றுதான் சொல்வேன். மற்றவை எல்லாம் அங்கே ஆள் கொண்டுவந்து சேர்ப்பதற்கு.

ஏனென்றால் சேலை பேச்சில்தான் விற்கிறது. "இதே பார்டர்ல மெரூன் இருக்கா அக்கா?", "மாமியாருக்கு எடுக்கணும், கனமா இருக்கக் கூடாது" என்று நாலு வார்த்தை பேசினால்தான் எதைக் காட்டுவது என்றே எனக்குத் தெரியும். 2018-இல் வந்த இந்த ஆப் இலவசம். முக்கியமாக, நம் வாடிக்கையாளர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற வாட்ஸ்அப்தான்.

மயில் கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், இன்னொரு பக்கம் பச்சை. ஒரே ஒரு போட்டோவை அனுப்பினால் வாங்குபவர் மனதில் ஒரு நிறம் பதிந்துவிடும், பார்சலைப் பிரிக்கும்போது வேறு நிறமாகத் தெரியும். அதனால் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் முந்தியை மடித்து மெதுவாகத் திருப்பி, ஒரு குட்டி வீடியோ எடுத்து அனுப்புகிறேன். போட்டோ என்றால் எச்டி என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் படம் சுருங்கி, ஜரிகையும் புட்டாவும் மங்கிவிடும். கேட்பவர் முகூர்த்தத்துக்கு எடுக்கிறார் என்றால் வீடியோ காலில் தோளில் போட்டே காட்டிவிடலாம். சாதாரண வெப்சைட்டில் இதைச் செய்ய முடியாது.

இந்த ஆப்பில் எனக்கு மிகப் பிடித்தது லேபிள். புது ஆர்டர், பணம் வரவேண்டியது, பணம் வந்தது என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு வண்ணச் சீட்டு ஒட்டிவிடலாம். ஆடி மாதத்தில் இதன் அருமை அவ்வளவாகத் தெரியாது. தீபாவளிக்கு முன்னால் வந்து பாருங்கள், யாருக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்தோம், யாருக்கு கூரியர் போகவேண்டும் என்பதெல்லாம் அந்த வண்ணத்தில்தான் நிற்கும்.

ஆப்பிலேயே பொருள்களை அடுக்கிக் காட்டும் கேட்டலாக்கில் 500 பொருள் வரை போடலாம். ஆனால் கைத்தறியில் ஒரு டிசைனில் ஒன்றோ இரண்டோதான் வரும். விற்றதும் மறைக்காமல் விட்டால், இல்லாத சேலைக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திரும்பத் திரும்ப நெய்து வரும் ரகங்களை மட்டும், விலையோடு, அதில் போட்டால் போதும்.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட்டில்தான் கவனம் வேண்டும். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதுவும் நம் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். பில் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். அதற்காக குரூப் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து. குரூப்பில் ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரியும், நம்மை நம்பி வந்த பெண்களுக்கு யாரோ எவரோ "ஹாய்" அனுப்புவார்கள். நிறைய பேருக்குப் புது வரவைக் காட்ட சேனல் இருக்கிறது. அதில் பின்தொடர்பவர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. மொத்தமாக மெசேஜ் தட்டிவிடுகிறோம், காசு கொடுங்கள் என்று போனில் வருபவர்களுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கீகாரம் இல்லாத மென்பொருளில் அப்படி அனுப்பினால் நம்பரே முடக்கப்படலாம்.

எங்கள் ஊருக்கு இன்னொன்றும் அவசியம். சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிறவர்கள் சுற்றியுள்ள லாட்ஜுகளில் தங்கியிருக்கிறார்கள். ஊர் திரும்புவதற்கு முன் ஒரு சேலை எடுப்பார்கள். அவர்களுக்கு நம் இன்ஸ்டா பக்கம் எங்கே தெரியப்போகிறது? கூகுள் மேப்பைப் பார்த்துத்தான் நடந்து வருகிறார்கள். அதனால் மேப்பில் நம் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடை நேரம், வாசல் போட்டோ, போன் நம்பர் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். அதிலிருந்த கூகுளின் சொந்த சாட் வசதியை 2024 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள், எனவே நம்பர் சரியாக இருப்பது முக்கியம். வாட்ஸ்அப்புக்கு வந்த பிறகு, முன்பே எழுதிவைத்த பதிலைச் சட்டென்று அனுப்பும் குயிக் ரிப்ளை கைகொடுக்கும். கடைக்கு வழி, விலை வரம்பு இரண்டையும் இந்தியிலும் வங்காளத்திலும் சேமித்து வைத்திருக்கிறேன். வங்காளத்தில் எழுதித் தந்தது கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் தீதிதான்.

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுங்கள், நல்லது. விலையை மறைத்து "டிஎம் பண்ணுங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். வாங்க நினைப்பவர் விலை தெரியாமல் எப்படி முடிவு செய்வார்? கேப்ஷனில் போடும் லிங்க்கைத் தட்டினால் திறக்காது, வாட்ஸ்அப் லிங்க்கை பயோவில் வையுங்கள். ஃபேஸ்புக் பக்கம் சும்மா இருந்தால் போதும்.

சோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' மெசேஜ் ஆப்பையும் போனில் வைத்திருக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் செய்தது, நன்றாக வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். என் வாடிக்கையாளர்கள் அங்கே வந்ததும் கடையும் அங்கே வரும்.

வாட்ஸ்அப் பிசினஸ் போடுவதென்றால் சொந்த நம்பரில் வேண்டாம், கடைக்கென்று தனி சிம் எடுங்கள். இரண்டு ஆப்பும் ஒரே போனில் ஓடும். அப்புறம் செட்டிங்ஸில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக்குப் போய் ஆறு இலக்க பின் நம்பர் போட்டுவிடுங்கள். ஓடிபி கேட்டு யார் போன் செய்தாலும், வாடிக்கையாளர் என்றே சொன்னாலும், கொடுக்காதீர்கள்.