எங்கள் வீட்டு பி.எல்.டி.சி. மின்விசிறி: பதினான்கு மாத அனுபவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பங்குனி பிறந்துவிட்டால் மின்விசிறிக்கு ஓய்வில்லை. மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஓயாமல் வீசிய காற்று அப்போது அடங்கியிருக்கும். எங்களுடையதைப் போன்ற தார்சு (மொட்டைமாடி) வீடுகளில் பகலில் ஏறிய சூடு நள்ளிரவு கடந்தும் இறங்காது. சென்ற ஆண்டு அந்த நாள்களில் எங்கள் இரண்டு மாத ரீடிங் 480 யூனிட்டைத் தொட்டது. கேரள மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை அடுக்கடுக்காக விலை ஏறும். அதைத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை. அந்த எல்லையைத் தாண்டிவிடுவோமோ என்ற கவலையில்தான் 2,900 ரூபாய் கொடுத்து, குறைந்த மின்சாரத்தில் ஓடும் நிலைக்காந்த மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்றை வாங்கினோம்.

வாங்கியதைக் கூடத்தில் மாட்டினோம். புதிய பொருள் வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை. அடுத்த ரீடிங்கில் பெரிய மாற்றம் தெரியாததால், பொருள்தான் சரியில்லையோ என்று ஐயம் வந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிரிட்ஜ் உட்பட வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, மீட்டரில் சிவப்பு விளக்கு எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 மின்னல் என்று பொறித்திருக்கிறது. ஆகவே 1125-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். பழைய மின்விசிறி முழு வேகத்தில் 15 நொடிக்கு ஒருமுறை மின்னியது, அதாவது 75 வாட். புதியது 37 நொடி எடுத்துக்கொண்டது, அதாவது ஏறக்குறைய 30 வாட். பொருளில் குறையில்லை, அதை மாட்டிய இடம்தான் தவறு.

கூடத்து மின்விசிறி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினாலே அதிகம். படுக்கையோடு இருக்கும் என் அத்தையின் அறையிலோ அது இருபது மணி நேரம் ஓடுகிறது. அங்கே இருந்தது பழைய பெட்டி ரெகுலேட்டர். மூன்றாம் எண்ணில் வைத்தாலும் 22 நொடிக்கு ஒருமுறை மின்னி 51 வாட் இழுத்தது. வேகத்தைக் குறைத்தால் மின்சாரமும் அந்த அளவுக்குக் குறையும் என்றுதான் இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தோம். அந்தப் பெட்டியோ மின்விசிறிக்குப் போகாமல் தடுத்த மின்சாரத்தின் ஒரு பகுதியை வெப்பமாக்கி அந்த அறையிலேயே விட்டுக்கொண்டிருந்தது. மேலே கை வைத்தால் சூடு தெரியும். புதிய மின்விசிறியை அங்கே மாற்றியபோது அதே மூன்றாம் எண்ணில் 80 நொடி ஆயிற்று, 14 வாட். கணக்குப் போட்டால், கூடத்தில் இரண்டு மாதத்துக்கு 13 யூனிட் மிச்சப்படுத்திய அதே மின்விசிறி அத்தையின் அறையில் 44 யூனிட் மிச்சப்படுத்துகிறது. யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், போட்ட பணம் அங்கே இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். கூடத்திலேயே விட்டிருந்தால் ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மோட்டாரின் அமைப்பு. சாதாரண மின்விசிறியில் சுழலும் பகுதிக்குள்ளும் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அதில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. பி.எல்.டி.சி.யில் சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் இருப்பதால் அந்த இழப்பு இல்லை. கம்பிச்சுருள்களுக்கு எப்போது மின்சாரம் தர வேண்டும் என்பதை உள்ளிருக்கும் சிறிய மின்சுற்றுப் பலகை பார்த்துக்கொள்கிறது. ஆகவே சுவரிலுள்ள ரெகுலேட்டரை நீக்கிவிட்டு நேராகச் சுவிட்சோடு இணைக்க வேண்டும். ரிமோட்டில் நிறுத்தினாலும் பலகை சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், நாங்கள் சுவரில்தான் அணைக்கிறோம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூரை மின்விசிறிகளுக்கு 2023 முதல் நட்சத்திர முத்திரை கட்டாயமாகியுள்ளது. ஆனால் அந்த நட்சத்திரம் ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்பதைத்தான் குறிக்கிறது. ஐந்து நட்சத்திரம் பெற்ற மின்விசிறி அதிகக் காற்றைத் தரும் என்று அதற்குப் பொருளில்லை. நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்று என்ற எண்ணும் அட்டைப்பெட்டியில் இருக்கும். அதையும் பார்த்து வாங்குவது நல்லது. எங்களுடையது 215. அத்தை முதல் இரண்டு நாள், “காத்து பத்தல கண்ணு” என்றார். நான்காம் எண்ணில் வைத்த பிறகு குறை சொல்லவில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் முன்பைவிட நெடுநேரம் ஓடுகிறது என்பது அவருக்குப் பெரிய ஆறுதல்.

குறை இடியில் வந்தது. ஐப்பசியில் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை இறங்கிய ஒரு மாலை, இடிக்குப் பிறகு மின்விசிறி நின்றுவிட்டது, பலகை போயிருந்தது. உத்தரவாதக் காலம் இருந்ததால் பணம் கேட்கவில்லை என்றாலும், பலகை வந்து சேரப் பதினெட்டு நாள் ஆயிற்று. பழைய மின்விசிறி நின்றால் உள்ளூர் எலக்ட்ரீஷியன் கெப்பாசிட்டரை மாற்றிப் பத்து நிமிடத்தில் ஓடவைத்துவிடுவார். இதில் அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. படுக்கையில் இருப்பவரின் அறைக்குப் பதினெட்டு நாள் என்பது சிறிய காலமல்ல. ஆகவே எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், பழுது பார்ப்பவர் சித்தூரிலிருந்தாவது பொள்ளாச்சியிலிருந்தாவது வருவாரா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். இடி முழங்கும்போது நாங்கள் இப்போது சுவிட்சை அணைத்துவிட்டு, அத்தைக்குப் பனையோலை விசிறியால் வீசுகிறோம்.

அடுத்தது பிள்ளைகள் படிக்கவும் படுக்கவும் செய்யும் அறைக்கு வாங்க இருக்கிறோம். கூடத்தில் பழைய மின்விசிறியே மறுபடி தொங்குகிறது. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு அதுவே போதும்.