சொந்த உபயோகத்துக்கு கிங் ஏர் சி90பி: நாள்பட ஓட்டினால் தெரிவது

வருஷத்துக்கு நூறு மணி நேரம் பறக்கிற ஒருவர் அமெரிக்காவில் கிங் ஏர் சி90பி போன்ற பழைய இரட்டை டர்போபிராப் (டர்பைனால் புரொப்பெல்லரைச் சுற்றும் இரண்டு எஞ்சின் விமானம்) வாங்கினால், செலவில் பெரும்பங்கைக் காலண்டர்தான் தின்னும். பறந்த மணிக்கணக்கு அதற்கு அப்புறம்தான். விற்பவர் காட்டும் கணக்கில் 'மணிக்கு இத்தனை டாலர்' என்று மட்டும் இருக்கும், ஏமாறுவது அங்கேதான்.

கிங் ஏரின் பராமரிப்பு நான்கு ஃபேஸ்களாக, அதாவது ஆய்வுக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். 200 மணிக்கு ஒன்று, நாலும் சேர்ந்து 800 மணி. கூடவே ஒரு நிபந்தனை: நாலையும் 24 மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். சார்ட்டர் ஓட்டுகிறவர் 800 மணி சம்பாதித்துவிட்டு நாலுக்கும் காசு கட்டுகிறார். நம்மவர் 200 மணிக்கே அதே காசைக் கட்டுகிறார். ஒரு வருஷம் 1, 2, மறுவருஷம் 3, 4 என்று ஜோடியாகச் செய்வது நல்லது. பேனல்களைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டும் கூலியாவது மிஞ்சும்.

லேண்டிங் கியர் (சக்கரத் தொகுதி) ஓவர்ஹாலும், அதாவது முழுதாகப் பிரித்துச் சரிசெய்வதும், இதே கதை. 8,000 இறக்கம் அல்லது 6 வருஷம், எது முந்துகிறதோ அது. வருஷத்துக்கு 150 இறக்கம் என்றால் ஆறு வருஷத்தில் 900தான் ஆகியிருக்கும். ஹார்ட்ஸெல் புரொப்பெல்லர் மாட்டியிருந்தால் அதற்கும் 6 வருஷம். இறக்கை போல்ட்டுகளை 5 வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும், 15 வருஷத்தில் மாற்ற வேண்டும். வாடகைக்கு விடாத சொந்த விமானம்தானே, பார்ட் 91 (சொந்தப் பறப்புக்கான அமெரிக்க விதி)தானே என்று சிலதைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. தள்ளிப்போட்ட ஒவ்வொன்றையும் அடுத்து வாங்க வருகிறவர் விலையில் கழித்துக்கொள்வார்.

அதனால்தான் 'மொத்தமே 3,000 மணிதான் ஓடியிருக்கிறது' என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்கக் கூடாது. கடற்கரைப் பக்கம் ஹேங்கரில் சும்மா நின்றிருந்தால் கம்ப்ரஸர் பிளேடுகளில் அரிப்பு ஏறியிருக்கும், இறக்கையிலுள்ள ரப்பர் எரிபொருள் பைகள் காய்ந்திருக்கும். வாரம் ஒருமுறை பறந்து, கம்ப்ரஸர் வாஷ் (கம்ப்ரஸரைக் கழுவுவது) ஒழுங்காகப் பதிவான 7,000 மணி விமானம் அதைவிட எவ்வளவோ மேல்.

சி90பியில் இருப்பது தலா 550 குதிரைத்திறன் கொண்ட இரண்டு பிடி6ஏ-21 எஞ்சின்கள். ஓவர்ஹால் 3,600 மணியில், ஹாட் செக்‌ஷன் ஆய்வு (எரியும் பகுதியையும் டர்பைனையும் திறந்து பார்ப்பது) 1,800இல். எஞ்சினைப் பார்க்கச் சிக்கனமான நேரம் எரிபொருள் நாசில்களைக் கழற்றும் வேளை, அதாவது ஏறக்குறைய 400 மணிக்கு ஒருமுறை. நாசில் இருந்த துளை வழியாகவே போரோஸ்கோப்பை (உள்ளே பார்க்கும் குழாய்க் கேமரா) விட்டு டர்பைனுக்கு முன்னாலுள்ள வேன் ரிங்கையும் (வாயுவைத் திருப்பிவிடும் தகடு வளையம்) பிளேடு நுனிகளையும் பார்த்துவிடலாம். நாசிலில் கரி படிந்தால் எரிபொருள் புகையாகப் பரவாமல் தாரையாக விழும்; தாரை எரியும் இடத்தில் வேன் ரிங் கருகி விரிசல் விடும். நாசில் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட்டவர் ஹாட் செக்‌ஷனில் அதைப் பல மடங்காகக் கட்டுவார்.

எஞ்சினை ஒரே நிமிஷத்தில் பாழாக்கும் இடம் ஸ்டார்ட். பேட்டரி 23 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வெளிமின்சாரம் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வலது எஞ்சின் முதலில். பேட்டரி வலது இறக்கையின் நடுப்பகுதியில் இருப்பதால் கேபிள் தூரம் குறைவு. என்1 (கம்ப்ரஸர் சுற்றும் வேகம்) 12 சதவீதம் தாண்டியபின்தான் எரிபொருளைத் திறக்கும் கண்டிஷன் லீவரை லோ ஐடிலுக்குத் தள்ள வேண்டும். 12 என்பது குறைந்தபட்சம். முள் ஏறி நிற்கும்வரை பொறுப்பதே நல்ல பழக்கம். பேட்டரி சோர்ந்திருந்தால் கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றும், காற்று குறையும். எரிபொருள் மட்டும் குறையாது, ஐ.டி.டி. (டர்பைன் வெப்பநிலை) முள் பாயும். 1,090 டிகிரி செல்சியஸுக்கு அனுமதி 2 விநாடிதான். முள் பாய்கிற வேகம் பிடிக்கவில்லையென்றால் லீவரைக் கட்-ஆஃபுக்கு இழுத்து, சுவிட்சை 'ஸ்டார்ட்டர் மட்டும்' நிலையில் வைத்து வெறும் காற்றால் குளிரவிடுங்கள். ஸ்டார்ட்டருக்கும் வரம்பு உண்டு: 40 விநாடி ஓட்டம், 60 விநாடி ஓய்வு. மூன்றாவது தரமும் ஓட்டியாகிவிட்டால் அரைமணி நேரம் காபி குடிக்கப் போகலாம்.

போட்டி இரட்டை டர்போபிராப்பான செஸ்னா 441 காங்க்வெஸ்ட் 2 பக்கம் வேகப் பிரியர்கள் சாய்வதில் நியாயம் இருக்கிறது. சி90பி 245 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் ஓடும்போது அது 290ஐத் தொடும். குடிப்பது மணிக்கு 75, 80 கேலன், ஏறக்குறைய சி90 குடிக்கும் அளவே. ஆனால் 35,000 அடி உச்சவரம்பை அனுபவிக்க ஆர்விஎஸ்எம் (உயரத்தில் விமானங்களுக்கிடையே குறைந்த செங்குத்து இடைவெளி) தகுதி வேண்டும். அது இல்லாத 441 28,000 அடியோடு நின்றுவிடும். அதன் டிபிஇ331 எஞ்சினில் புரொப்பெல்லரும் கம்ப்ரஸரும் ஒரே தண்டில் இணைந்தவை. நிறுத்தும்போது பவர் லீவரை ரிவர்ஸுக்கு இழுத்து பிளேடுகளைத் தட்டைக் கோண லாக்கில் உட்காரவைக்க மறந்தால் அவை ஃபெதர் ஆகிவிடும், அதாவது காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிவிடும். மறுநாள் அன்ஃபெதர் பம்பைப் போட்டு அவற்றைத் திருப்பாமல் ஸ்டார்ட் கிடையாது. நிறுத்தியபின் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடவும் வேண்டும், இல்லையென்றால் சூடான தண்டு வளையும். தரையில் நிற்கும்போது அது போடும் கூச்சலைப் பற்றி அண்டை ஹேங்கர்க்காரரைக் கேளுங்கள். வாரம் இருமுறை பறக்கும் விமானிக்கு இதெல்லாம் கை தானாகச் செய்யும் வேலை. மாதம் ஒருமுறை பறப்பவருக்குப் பிடி6தான் பொறுமைசாலி.

மிட்சுபிஷி எம்யு-2 மலிவாகக் கிடைக்கும், வேகமும் உண்டு, 2008இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் (எஃப்.ஏ.ஏ.) அதற்கென்று கட்டாயப் பயிற்சி கொண்டுவந்தது, அந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கு: சி90பியின் புறப்பாட்டு எடை 10,100 பவுண்டு. வெறும் எடை விமானியோடு 7,000 என்று வையுங்கள், 384 கேலன் நிரப்பினால் 2,570. மிஞ்சுவது ஐந்நூற்றுச் சொச்சம், அதாவது மூன்று பேர், பை கிடையாது. ஆறு பேர் வேண்டுமானால் தொட்டியை ஏறக்குறைய 300 கேலனோடு நிறுத்த வேண்டியிருக்கும். 'அப்படியானால் பெரிய கிங் ஏரான பி200 வாங்கலாமே' என்பார்கள். அதன் 12,500 பவுண்டு வரம்பில் 544 கேலன் நிரப்பினால் மிஞ்சுவது அதைவிடக் குறைவாகக்கூட இருக்கும்; அதன் லாபம் கேபினிலும் உயரத்திலும்.

முன்பணம் கொடுக்குமுன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை இவை: இரு எஞ்சினுக்கும் நாசில் துளை வழி போரோஸ்கோப் படங்கள், கடைசி நாலு ஃபேஸ்களின் தேதிகள், இறக்கை போல்ட்டுகளின் நிறுவிய தேதி, கியர் ஓவர்ஹால் சீட்டு. சோதனையை விற்பவரின் வழக்கமான பட்டறையில் செய்யவிடாதீர்கள். கழற்றிய நாசில்களின் ஸ்ப்ரே சோதனைத் தாளைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.