கண்ணுக்குக் கீழ்க் குழி: மலையில் இருப்பவர்களுக்கு எந்தச் சிகிச்சை சரிப்படும்?

முதலில் குழியா, கருமையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடியுங்கள். அப்படியே அண்ணாந்து, வெளிச்சம் கண்ணுக்குக் கீழே நேராக விழும்படி முகத்தைத் தூக்குங்கள். கறுப்பு மறைந்துவிட்டால் அது பள்ளத்தில் விழுந்த நிழல். மறையாமல் பழுப்பாகவே நின்றால் தோலின் நிறம். கன்னத்தை லேசாகக் கீழே இழுக்கும்போது நீலம் கூடித் தெரிந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்த நாளம். பலருக்கு மூன்றும் கலந்தே இருக்கும். இங்கே பேசுவது நிழல் வகையைப் பற்றி மட்டும். நிறத்துக்கு ஊசி போட்டால் பணம் போகும், நிறம் போகாது.

மூக்கின் பக்கவாட்டில் தொடங்கிக் கன்னத்தை நோக்கிச் சரியும் அந்தக் கோட்டை டாக்டர்கள் ‘டியர் ட்ரஃப்’ என்பார்கள். அங்கே தோல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்கடியில் தசையை எலும்போடு இழுத்துக் கட்டியிருக்கும் ஒரு நார் இருக்கிறது. வயது ஏற ஏறக் கன்னத்துக் கொழுப்பு வற்றும், கன்னம் இறங்கும். நார் மட்டும் பிடித்த இடத்தை விடாது. மேலே கண்ணைத் தாங்கும் கொழுப்பு முன்னுக்குத் தள்ளும். மேடும் பள்ளமும் அடுத்தடுத்து அமைவதால் நிழல் இன்னும் ஆழமாகத் தெரியும். சிலருக்கு எலும்பமைப்பே அப்படி. இருபது வயதிலேயே குழி இருக்கும்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் இதற்குப் பெரும்பாலும் கோவைக்கு இறங்குகிறார்கள், கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை. ஊட்டியிலிருந்து கோவை 86 கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று மணி நேரமாவது ஆகும், சீசனில் இன்னும் கூடும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையே அடைபடும். அதனால் மலையில் இருப்பவர் இரண்டு கேள்விகளை முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு எத்தனை முறை இறங்கி ஏற வேண்டும்? ஏதாவது ஆனால் எத்தனை மணி நேரத்தில் டாக்டர் முன்னால் நிற்க முடியும்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ‘மதிய உணவு இடைவேளையில் முடிந்துவிடும்’ என்று விற்கப்படும் ஃபில்லர்தான் (ஊசி வழியாக ஜெல் வைத்துக் குழியை நிரப்புவது) மலைக்காரரிடம் அதிக எச்சரிக்கையைக் கேட்கிறது.

ஃபில்லர்

இங்கே போட வேண்டியது ஹையலூரானிக் அமில ஜெல் மட்டும்தான். நம் உடம்பிலேயே இருக்கும் பொருளின் வகை அது. சரியாக அமையாவிட்டால் ஹையலூரானிடேஸ் ஊசி போட்டுக் கரைக்கலாம். கால்சியம் கலந்த ஃபில்லரையோ நிரந்தர ஃபில்லரையோ கண்ணுக்குக் கீழே போடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அவற்றைக் கரைக்க நம்பகமான மருந்து கிடையாது; கட்டி விழுந்தால் பெரும்பாலும் கத்திதான். அமெரிக்காவில் இந்த இடத்துக்கென்றே வால்பெல்லா என்ற ஜெல்லுக்கு 2022-லும், ரெஸ்டிலேன் ஐலைட் என்ற ஜெல்லுக்கு 2023-லும் அனுமதி கிடைத்தது. அதிகம் தண்ணீர் இழுக்காத, மென்மையான ஜெல்தான் இங்கே ஏற்றது. கன்னத்துக்கோ தாடைக்கோ போடும் கெட்டி ஜெல்லை இங்கே போட்டால் வீங்கி நிற்கும்.

அளவு மிகக் குறைவு: ஒரு பக்கத்துக்கு 0.2 முதல் 0.5 மி.லி. வரை. ஒரு சிரிஞ்ச் 1 மி.லி.; அதில் மிச்சமாகிறதே என்று முழுவதையும் ஏற்றச் சொல்லாதீர்கள். நல்ல கை உள்ளவர் உங்களை உட்காரவைத்துத்தான் கோடு போடுவார், ஏனென்றால் படுத்தால் குழி மறைந்துவிடும். கூர் ஊசிக்குப் பதில் மொட்டை முனையுள்ள கேனுலாவைக் கன்னத்திலிருந்து நுழைத்து, எலும்பை ஒட்டி ஆழத்தில் சொட்டுச் சொட்டாக வைப்பார். குழியை முழுதாக நிரப்பாமல் முக்கால் பங்கோடு நிறுத்தி, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத் தேவைப்பட்டால் கொஞ்சம் சேர்ப்பார். கன்னம் வற்றியவர்களுக்கு முதலில் கன்னத்துக்குக் கொஞ்சம் கொடுத்தாலே கீழ்க் குழி பாதி குறைந்துவிடும். அதற்கு மேல் கண்ணுக்கடியில் மிகச் சிறிதே தேவைப்படும்.

தவறு நடப்பது பெரும்பாலும் ஆழத்தில்தான். ஜெல் தோலுக்கு மிக அருகில் நின்றுவிட்டால் அதில் பட்டுச் சிதறும் ஒளி நீலமாகத் தெரியும். மாநிறத் தோலில் அது சாம்பல் பூத்தது போலிருக்கும். கருவளையத்துக்குப் போய்ப் புதுக் கருவளையத்தோடு திரும்பியவர்கள் இப்படித்தான் ஆனார்கள். இரண்டாவது வீக்கம். காலையில் எழும்போதே கண்ணுக்குக் கீழே பை போல உப்பும் உடல்வாகு, தைராய்டு கோளாறு, அடிக்கடி சைனஸ், அலர்ஜித் தும்மல் உள்ளவர்களுக்கு ஜெல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வீங்கிக் கிடக்கும். குளிரும் ஈரமும் உள்ள ஊர்களில் சளி சகஜம் என்பதால் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். காய்ச்சலோ பல் சிகிச்சையோ இருந்தால் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.

அரிதானது, ஆனால் மிகவும் அஞ்ச வேண்டியது, ஜெல் ரத்தக் குழாய்க்குள் போய் அடைப்பது. விழித்திரைக்குப் போகும் குழாய் அடைபட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே பார்வை மீள முடியாத நிலைக்குப் போகலாம். பார்வை மங்கும் அந்த அறிகுறி பெரும்பாலும் ஊசி போடும் நாற்காலியிலேயே தெரிந்துவிடும். தோலுக்குப் போகும் குழாய் அடைபட்டால் சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்: தோல் வெளுத்துப்போவது, வலை போட்டது போல் ஊதாக் கோடுகள், சாதாரண வீக்கத்துக்கு மீறிய வலி, அழுத்திவிட்டு எடுத்தால் மூன்று வினாடிக்கு மேலாகியும் நிறம் திரும்பாமை. மலையின் மாலைக் குளிரில் தோல் இயல்பாகவே வெளிறும், நிறம் திரும்பவும் நேரமெடுக்கும். அதனால் பர்லியாறு தாண்டி ஏறிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் இந்த அறிகுறியைக் ‘குளிர்தான்’ என்று தள்ளிவிடுவது எளிது. ஃபில்லர் போட்டுக்கொண்ட அன்று இரவு கோவையிலேயே தங்குங்கள். காலையில் டாக்டரிடம் முகத்தைக் காட்டிவிட்டு ஏறுங்கள்.

நீலகிரிக்காரர்கள் சொல்ல மறக்கக் கூடாத ஒன்று தேனீக் கொட்டு. தேனீ, குளவி விஷத்திலும் ஹையலூரானிடேஸ் இருக்கிறது. மலைத்தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியவர்களுக்குக் கரைக்கும் ஊசியும் கடுமையாக ஒவ்வாமல் போகலாம். ‘எப்போது வேண்டுமானாலும் கரைத்துக்கொள்ளலாம்’ என்ற ஆறுதல் அவர்களுக்குப் பாதிதான்.

போட்டபின் இரண்டு நாள் ஆவி பிடிக்காதீர்கள், கணப்பருகே முகத்தைக் காட்டிக்கொண்டு உட்காராதீர்கள். தலைவலிக்குத் தேய்க்கும் நீலகிரித் தைலத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோகாதீர்கள். ஜெல்லை நீங்களாக நீவவும் கூடாது. பலன் ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் என்று சொல்வார்கள். ஸ்கேனில் பார்த்தால் ஜெல் இந்த இடத்தில் சில வருடங்கள்கூடத் தங்கியிருக்கிறது. ‘வருடம் ஆயிற்று, மறுபடி போடலாம்’ என்று பழையதன் மேல் ஏற்றிக்கொண்டே போவதில்தான் முகம் உப்பிப்போகிறது.

சொந்தக் கொழுப்பு

வயிற்றிலோ உள்தொடையிலோ இருந்து சிறிது கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, ஒரு பக்கத்துக்கு 1 முதல் 2 மி.லி. வரை நுண்துளிகளாக வைப்பது. சிட்னி கோல்மன் 1990-களில் பரவலாக்கிய முறையில் நிமிடத்துக்கு 3000 சுற்றில் மூன்று நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் எண்ணெயையும் கீழே நிற்கும் ரத்தத்தையும் நீக்கி, நடுவில் உள்ளதை மட்டும் எடுப்பார்கள்.

வைத்த கொழுப்பு எல்லாம் பிழைக்காது. ஒரு பகுதி கரைந்துபோகும். எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் உண்மையான முகம் தெரியும். பிழைத்தது வருடக்கணக்கில் நிற்கும், உங்கள் எடை கூடினால் அதுவும் கூடும். வீக்கம் இரண்டு மூன்று வாரம் இருக்கும். முகம் முழுக்க வற்றிய, நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு இது ஃபில்லரைவிட நன்றாக அமையும், ஏனென்றால் கன்னம், நெற்றிப்பொட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்து நிரப்பலாம். ஆனால் மெல்லிய இமைத் தோலுக்கடியில் ஒரு சிறு உருண்டை நின்றுவிட்டால் கரைக்க வழியில்லை. குழி லேசாக மட்டுமே உள்ள இளைஞருக்கு இது தேவையற்ற துணிச்சல்.

கீழ் இமை அறுவை

குழிக்கு மேலே பையும் தொங்கினால் இரண்டு ஊசி முறைகளும் தோற்கும். மேட்டுக்குச் சமமாகப் பள்ளத்தை நிரப்பினால் முகமே ஊதிப்போகும். மேட்டையே பள்ளத்துக்குள் இறக்குவதுதான் அங்கே சரியான தீர்வு. இமையின் உட்புறம் வழியாகப் போய், நாரை விடுவித்து, முன்தள்ளிய கொழுப்பை வெட்டி வீசாமல் எலும்பு விளிம்பைத் தாண்டிக் கீழே பரப்பித் தைக்கிறார்கள். வெளியே தழும்பு தெரியாது. பழைய முறையில் கொழுப்பை வெட்டி எடுத்ததால் பை போய்க் குழி இன்னும் ஆழமான முகங்கள் ஏராளம். ஆகவே டாக்டரிடம் ‘கொழுப்பை எடுப்பீர்களா, இடம் மாற்றுவீர்களா?’ என்று கேளுங்கள்.

சிக்கல்கள் இமை கீழே இழுபடுவது, கண் வறட்சி, வெள்ளைவிழியில் நீர் கோர்த்து வீங்குவது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்குவது மிகவும் அரிது, ஆனால் தேங்கினால் பார்வைக்கே ஆபத்து. முதல் 24 மணி நேரம்தான் அதிக கவனம் வேண்டியது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். குமட்டி முக்கும்போது கண்ணின் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும், ஆறாத இடம் கசியும். குறைந்தது இரண்டு இரவு கீழே தங்கி, வாந்தி மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு, முன் இருக்கையில் உட்கார்ந்து ஏறுங்கள். இரண்டு வாரம் குனிந்து தூக்கும் வேலை வேண்டாம். பச்சைத் தேயிலை மூட்டை சுமப்பவர்கள் அந்த இரண்டு வாரத்துக்கு லீவு சொல்லிவிட்டே தேதி குறிக்க வேண்டும். ரத்தம் கட்டிய நிறம் மங்க 10 முதல் 14 நாள், இறுதி வடிவம் தெரிய மூன்று மாதம். உறைபனிக் காலத்து வறண்ட காற்று கண் வறட்சியைக் கூட்டும் என்பதால் டிசம்பர், ஜனவரியைத் தவிர்க்கலாம்.

ரத்தத்தை உறையவிடாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல் இதய டாக்டரைக் கேட்க வேண்டும். நீலகிரியின் பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் செல் ரத்தசோகை இருப்பது தெரிந்ததே. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், மயக்க மருந்து சம்பந்தப்பட்ட எதற்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள். மற்றவர்களும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. ரத்தசோகையால் வெளிறிய தோலில் சாதாரணக் குழிகூட இரட்டிப்பாகத் தெரியும்.

பிஆர்பி, கிரீம்கள், மேக்கப்

உங்கள் ரத்தத்தையே 10, 20 மி.லி. எடுத்துச் சுழற்றித் தட்டணுக்கள் நிறைந்த பிளாஸ்மாவை ஊசி போடும் பிஆர்பி, தோலின் பளபளப்பைக் கொஞ்சம் கூட்டலாம். குழியை நிரப்பும் கனம் அதற்குக் கிடையாது. நான்கு வார இடைவெளியில் மூன்று, நான்கு முறை. மலையிலிருந்து அத்தனை முறை இறங்கி ஏறும் செலவுக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. லேசர் மாநிறத் தோலில் புதுக் கருமையை விட்டுச்செல்லலாம். தோல் சுருக்கத்துக்கு வேண்டுமானால் அனுபவமுள்ளவரிடம் மட்டும்.

கிரீம் எதுவும் குழியை நிரப்பாது. ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைப் பொருள் மாதக்கணக்கில் தோலைச் சிறிது தடிமனாக்கும். காஃபின் காலை நேர வீக்கத்தைச் சில மணி நேரம் குறைக்கும். சன்ஸ்கிரீன் மட்டும் கட்டாயம். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதா ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2240 மீட்டர். மூடுபனி நாளிலும் அது வரும். அடுத்த வாரம் கல்யாணம் என்றால், மாநிறத்துக்குப் பீச் அல்லது ஆரஞ்சு நிற கரெக்டரைக் குழியின் கோட்டில் மட்டும் தொட்டுவைத்து, அதன்மேல் தோல் நிற கன்சீலரை மெல்லியதாகப் பூசினால் போதும். பையின் மேட்டில் பூசினால் மேடு இன்னும் தூக்கித் தெரியும்.

யாருக்கு எது, எப்போது

முப்பதுக்கு உட்பட்டு, பை இல்லாமல், வீக்க உடல்வாகும் இல்லாமல் குழி மட்டும் இருந்தால் ஃபில்லர். நாற்பதுக்கு மேல் பையும் குழியும் சேர்ந்திருந்தால் அறுவை. ஒரே தடவை இறங்கிச் சில நாள் தங்கினால் வேலை முடிந்தது, வருடாவருடம் இறங்க வேண்டியதில்லை. முகமெல்லாம் வற்றியிருந்தால் சொந்தக் கொழுப்பு. ஹெத்தையம்மன் பண்டிகைக்கோ வீட்டு விசேஷத்துக்கோ தயாராக வேண்டுமென்றால் ஃபில்லருக்கு ஆறு வாரம், அறுவைக்கு மூன்று மாதம், கொழுப்புக்கு ஆறு மாதம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். ஓட்டல், டாக்ஸி என்று சீசனை நம்பியிருப்பவர்களுக்குப் பிப்ரவரியும் மார்ச் தொடக்கமும் வசதி: பாதை காய்ந்திருக்கும், கூட்டம் வந்திருக்காது.

ஊசியை அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். தோல் டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன், இல்லையென்றால் இமைச் சீரமைப்பு பயின்ற கண் டாக்டர்; கோவை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைகளில் இமைச் சீரமைப்புக்குத் தனிப் பிரிவே உண்டு. ஊசிக்கு முன் பெட்டியைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லி, அதிலுள்ள ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வேறொரு டாக்டர் கரைக்க நேர்ந்தால் என்ன ஜெல், எவ்வளவு என்பது அவருக்குத் தெரிய வேண்டும். ஹையலூரானிடேஸ் அதே இடத்தில் கையிருப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு பத்து மணிக்குப் போன் எடுக்கும் எண் எது, எடுக்கப்போவது யார் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டபின் முன்பணம் கட்டுங்கள்.