‘வால்வு எரிந்துவிட்டது’ என்றார்கள். எரிந்தது என் பணம்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிண்டருக்குள் காற்று வரவும் புகை போகவும் திறந்து மூடுவது வால்வு. அது பொருந்தியிருக்கும் இன்ஜினின் மேல்பகுதி ஹெட். “வால்வு போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்” என்று பட்டறையில் சொன்னால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே உருவாகும் அழுத்தம், எவ்வளவு என்று எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஹெட் கழன்ற பிறகு அந்த வசதி உங்களுக்கு இருக்காது.

என் பெட்ரோல் கார் ஐடிலிங்கில் குலுங்கியது, பிக்கப் குறைந்தது, இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் காட்டிய குறியீடு பி0303. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியவில்லை) என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதையும் சொல்வதில்லை. காரணம் ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், வால்வு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் என எதுவாகவும் இருக்கலாம். பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கிறது சார், இந்த வயதில் இது சகஜம்” என்றார். கம்ப்ரஷன் பார்க்கவில்லையா என்றேன். சத்தத்திலேயே தெரிகிறதாம்!

அவர் சொன்ன தொகை, வண்டியை விற்றால் கிடைக்கக்கூடியதில் கணிசமான பங்கு. சம்மதித்தேன். ஹெட் கழன்றதும் பேச்சின் தொனி மாறியது. “திறந்ததுதான் திறந்தோம்” என்று தொடங்கும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் ஒரு புதிய செலவு வந்தது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், வால்வு கைடு, சீட் கட்டிங், ஹெட்டை மட்டப்படுத்தும் லேத் வேலை என்று பட்டியல் வளர்ந்தது. இவற்றில் சில நியாயமானவையே. ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகளும் புதிதாகத்தான் போட வேண்டும். வால்வு சீலை அப்போதே மாற்றுவதும் சரிதான். ஆனால் இதெல்லாம் திறப்பதற்கு முன்பே எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். முதல் மதிப்பீட்டில் ஏன் இல்லை?

வண்டி திரும்பி வந்தது. அதே குலுக்கல், அதே பி0303. “புது வால்வு, செட்டாக நாளாகும்” என்று சமாதானம் சொன்னார்கள்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினார். இரண்டாவதை மூன்றாவதில் போட்டார். சிறிது ஓட்டியதும் குறியீடு பி0302 ஆகிவிட்டது. காயில் எங்கே போனதோ அங்கே கோளாறும் கூடவே போயிற்று. புதுக் காயில் போட்டதும் இன்ஜின் சீராகிவிட்டது. எனக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்த ‘எரிந்த’ வால்வுகளை அவரிடம் காட்டினேன். தண்டின் தடிமனே வேறு. அவை என் இன்ஜினுடையவையே அல்ல. எரியவும் இல்லை, கரி படிந்திருந்தது அவ்வளவுதான். ஓடிய இன்ஜினின் வால்வில் கரி படிவது சாதாரணம். உண்மையில் எரிந்த வால்வின் விளிம்பு அரிக்கப்பட்டோ வெடித்தோ இருக்கும்.

முதலில் செய்திருக்க வேண்டிய சோதனைகள் எளிமையானவை. கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரில் மட்டும் குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாக ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் சந்தேகம் வால்வின் மேலோ கேஸ்கெட்டின் மேலோ திரும்பும். இதைவிடத் தெளிவானது லீக் டவுன் சோதனை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இரு வால்வுகளும் மூடியிருக்கும்போது சிலிண்டருக்குள் காற்றை அழுத்திச் செலுத்துவார்கள். புகைக்குழாயில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். காதைப் பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான்.

வால்வுதான் என்று இப்படி உறுதியானாலும் உடனே ஹெட்டைத் தொட விடாதீர்கள். வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளியைச் சரிசெய்யும் வகை இன்ஜின் என்றால் முதலில் அதை அளக்கச் சொல்லுங்கள். இடைவெளி இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் குறையும். வால்வு கெடுவதற்குள் கவனித்தால் சிறு வேலையோடு முடிந்துவிடும். ரிங்கும் தேய்ந்த இன்ஜினில் வால்வு வேலை மட்டும் செய்வது வீண். ஆயில் குடிப்பது நிற்காது. ரிங் நன்றாக இருந்து, கியர்பாக்ஸும் பாடியும் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும் என்றால், அப்போது செலவு செய்யலாம் என்பேன்.

முதல் பட்டறையில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “வால்வு எப்படியும் ஒரு நாள் போயிருக்கும்” என்றார் உரிமையாளர். அப்படியானால் என் காரிலிருந்து கழற்றிய வால்வுகளைக் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.