ஆதனா, எழினியா?

குழந்தைக்கு எந்தப் பெயர் வைப்பது? இரண்டுமே சங்ககாலப் பெயர்கள். இன்று அரிதாகவே காதில் விழுகின்றன. ஆதன் சேர மன்னர்கள் பலரின் பெயரில் இருக்கிறது: நெடுஞ்சேரலாதன், செல்வக்கடுங்கோ வாழியாதன். அரசர்களோடு நின்றுவிடவும் இல்லை. கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் 'ஆதன்' என்று கீறியிருக்கிறது. தன் பானையில் பெயர் எழுதி வைத்த யாரோ ஒருவர்! எனக்கு அந்த ஓடு எந்தச் செப்பேட்டையும் விட நெருக்கமானது. சங்கப் புலவர் பிசிராந்தையாரின் பெயருக்குள்ளும் இவன் ஒளிந்திருக்கிறான்: ஆதனின் தந்தை 'ஆந்தை' ஆவார் என்கிறது தொல்காப்பியம். ஒரு தயக்கம் மட்டும் உண்டு. பிற்கால அகராதிகள் 'ஆதன்' என்பதற்கு உயிர் என்ற பொருளோடு, அறிவில்லாதவன், குருடன் என்றும் பொருள் தருகின்றன.

எழினிக்கு அந்தச் சிக்கல் இல்லை. பொருள் திரைச்சீலை, சிலப்பதிகார அரங்கில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள் உண்டு. அதியமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. அன்று ஆணின் பெயர். இன்று யாழினி போல ஒலிப்பதால் பெண் குழந்தைகளுக்கும் வைக்கிறார்கள். ழகரம் மட்டும் பலர் வாயில் 'எளினி' ஆகிவிடும். பெற்றோர் ஆயுள் முழுக்கத் திருத்த வேண்டியிருக்கும்.

மகனுக்கென்றால் நான் ஆதன் பக்கம். மகளுக்குத் தயங்காமல் எழினி. ஒன்றை விட மனமில்லாதவர்களுக்குப் புறநானூற்றின் 396ஆம் பாடலில் ஒரு தலைவன் இருக்கிறான்: வாட்டாற்று எழினியாதன்.