இரண்டு வயசுக் குட்டி என்று மட்டக்குதிரையை விற்றுவிட்டார்கள்: குதிரை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன ஆவணியில் எங்களுக்கு நடந்தது இது. வளர்ந்த பிறகும் குட்டையாகவே நிற்கும் மட்டக்குதிரையை (போனி), வளர்கிற குட்டி என்று நம்பி வாங்கினோம். குதிரை வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாகக் குதிரையேற்றம் கற்கிறாள். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று தேடியபோது ஒரு தரகர் வீடியோ அனுப்பினார். கூடவே ஒரு செய்தி: "மார்வாரி கிராஸ், ரெண்டு வயசு பெண் குட்டி, 13.8 ஹேண்ட்ஸ். இன்னும் ரெண்டு வருஷத்துல பதினஞ்சைத் தாண்டிடும் சார்." மார்வாரி என்பது ராஜஸ்தான் குதிரை இனம், கிராஸ் என்றால் அதன் கலப்பு. விலை 95,000 ரூபாய்.

அந்த 13.8-இலேயே நான் விழித்திருக்க வேண்டும். ஹேண்ட் என்பது குதிரையின் உயரத்தைச் சொல்லும் அளவு. ஒரு ஹேண்ட் 4 அங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் இல்லை, மிச்சமுள்ள அங்குலம். 13.1, 13.2, 13.3, அதற்கு அடுத்தது 14 தான். 13.8 என்று ஓர் உயரமே கிடையாது. நான் அதைப் 'பதினாலுக்குக் கொஞ்சம் கம்மி' என்று படித்துக்கொண்டேன்.

நேரில் போனபோது என் கண் முன்னால்தான் அளந்தார். துணிக்கடை டேப்பைக் குளம்படியில் வைத்து, வயிற்றுப் பக்கத்து வளைவோடு ஒட்டி மேலே இழுத்தார். 55 அங்குலம் காட்டியது. குதிரை நின்ற இடம் சரிவு, முன்னங்கால்கள் மேட்டில். லாடம் புதிது, குளம்பும் சீவாமல் நீண்டு கிடந்தது. இதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்து, வளர்கிற குட்டியாயிற்றே என்று கொள்ளும் தவிடும் தாராளமாக வைத்தோம். ஆறாவது வாரம் ஒரு காலை லாயத்துக்குப் போனால், முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. குளம்பைத் தொட்டால் சுடுகிறது. லாமினைட்டிஸ் என்றார் கால்நடை மருத்துவர். குளம்புக்குள் வரும் அழற்சி அது. மட்டக்குதிரைகள் கொஞ்சத் தீனியிலேயே உடம்பு தேறிவிடும், தானியத்தை அள்ளிப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்றார்.

"மட்டக்குதிரையா? இது குட்டி சார்" என்றேன். அவர் உதட்டை விலக்கிக் காட்டினார். இரண்டு வயதில் முன்வரிசை முழுக்கச் சின்னச் சின்னப் பால்பற்கள்தான் இருக்கும். நடு ஜோடி விழுந்து முளைப்பதே இரண்டரை வயதில். இதற்குக் கடைசி ஓரப் பல் வரை விழுந்து முளைத்துத் தேய்ந்திருந்தது. ஏழு வயதாவது இருக்கும் என்றார். அப்புறம் சிமெண்ட் தரையில் நிறுத்தி, பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்குகிற அந்த மேட்டின் மேல் கம்பைப் படுக்க வைத்து, அங்கிருந்து நேர்க்குத்தாகத் தரைக்கு அளந்தார். தலையை அளப்பதே இல்லை. 49 அங்குலம். அதாவது 12.1.

தரகர் சொன்ன வயது உண்மையாகவே இருந்திருந்தாலும் கணக்கு உதைக்கிறது. இரண்டு வயதில் குதிரை தன் முழு உயரத்தில் ஏறக்குறைய 95 சதவீதத்தை எட்டிவிடும். 55 அங்குலம் 58 ஆகலாம், அவர் சொன்ன பதினைந்து ஹேண்ட்ஸை, அதாவது 60-ஐத் தாண்டாது. குட்டியைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம்: கால் நெடுநெடுவென்று இருக்கும், நெஞ்சு ஆழம் போதாது. எங்களுடையதோ குட்டைக் கால், பீப்பாய் மாதிரி வயிறு, தடித்த கழுத்து, அடர்ந்த பிடரி. மார்வாரிக்கு இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து நுனி நெருங்கி நிற்கும். அதன் சாயல்கூட இதற்கு இல்லை. நான் சுழி பார்த்தேன், நிறம் பார்த்தேன், இவற்றைப் பார்க்கவில்லை.

14.2 ஹேண்ட்ஸ், அதாவது 58 அங்குலம், பொதுவாகச் சொல்லும் எல்லை. அதற்குள் இருந்தால் மட்டக்குதிரை. உயரம் மட்டுமே கணக்கில்லை, இனமும் உண்டு. ஐஸ்லாந்துக் குதிரை பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் நிற்கும், இருந்தும் அதைக் குதிரை என்றுதான் சொல்கிறார்கள். மட்டக்குதிரை என்றால் மட்டமான குதிரை இல்லை. மணிப்பூர்க்காரர்களிடம் ஆங்கிலேயர்கள் போலோ கற்றுக்கொண்டது இந்த அளவுக் குதிரைகளில்தான். மட்டக்குதிரை என்று சொல்லி நியாயமான விலைக்கு விற்றிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. தீனியையும் அதற்குத் தகுந்தபடி வைத்திருப்பேன். பொய் சொன்னதால் வலி பட்டது அந்த வாயில்லா ஜீவன்.

தரகரிடம் கேட்டேன். "குதிரை கேட்டீங்க, குதிரை குடுத்தேன்" என்றார். அதன் பிறகு போனை எடுப்பதில்லை. எழுதி வாங்கிய ரசீதில் வயதும் இல்லை, உயரமும் இல்லை, 'குதிரை ஒன்று' என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் வாங்கும்போது இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், அங்குலத்தில் எழுதச் சொல்லுங்கள். பல் பார்க்க ஒரு கால்நடை மருத்துவரைக் கையோடு கூட்டிப் போங்கள்.

இப்போது அது காய்ந்த புல்லும் அளவான பசும்புல்லும் தின்று நன்றாக நடக்கிறது. எடை சுமார் 200 கிலோ. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதால் சேணத்தோடு சேர்த்து 40 கிலோதான் கணக்கு. மகள் 34 கிலோ இருக்கிறாள். மாதம் ஒரு தடவை எடை பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.