காவல் புகார் ஆணையம் மாறினால் பழைய மனு யார் கையில்? மூன்று வழிகள்

டி.எஸ்.பி. வரையிலான காவலர்கள் மீதான புகாரை ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான ஆணையம் விசாரிக்க வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2013 சட்டமோ மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராக்கி, எஸ்.பி.யை உறுப்பினராக உட்கார வைத்தது. நாளை நீதிபதி தலைமைக்கு மாற்றிப் புதுச் சட்டம் வந்தால், தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பாதியில் நிற்கும் மனுக்களின் கதி என்ன?

முதல் வழி, பழையதைப் பழைய குழுவே முடிப்பது. 2024 ஜூலை 1-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாறியபோது, அன்று நிலுவையில் இருந்த விசாரணைகளுக்குப் பழைய சட்டமே தொடரும் என்று புதுச் சட்டத்தின் 531-ஆம் பிரிவு சொன்னது. எழுதச் சுலபம், குழப்பமும் குறைவு. ஆனால் எஸ்.பி.யே உட்கார்ந்து தன் மாவட்டக் காவலரை விசாரிப்பதுதானே மாற்றத்துக்கே காரணம்? பழைய மனுதாரருக்கு அந்த மாற்றம் எட்டவே எட்டாது. கெடு வைக்காவிட்டால் இழுபறிதான். அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992-இல் பழங்குடி மக்கள் மீது வனத்துறையினரும் காவலர்களும் நடத்திய கொடுமைக்கு 2011-இல் தீர்ப்பு வந்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். பழைய கோப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நம்பி விதி எழுதக் கூடாது.

இரண்டாவது, எல்லாவற்றையும் புதிய ஆணையத்திடம் ஒப்படைப்பது. நியாயம் இதில்தான் அதிகம், சறுக்கும் இடமும் இதுதான். பழைய குழு கலைந்து, புதிய தலைவர் வராத மாதங்களில் ஆதாரம் அழியும். காவல் நிலைய சிசிடிவி பதிவை 18 மாதம், வசதி இல்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓராண்டு மட்டுமே சேமிக்கும் நிலையத்தில், சம்பவம் நடந்து எட்டு மாதமான மனு என்றால் மிச்சம் நான்கே மாதம். அதன்பின் புதுப் பதிவு பழையதன் மேல் ஏறிவிடும். ஆகவே கலைக்கும் நாளுக்கு முன்பே, ஒவ்வொரு மனுவுக்கும் எந்த நிலையம், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறித்து, சிசிடிவி பதிவையும், நிலையத்தில் அன்றாடம் நடப்பதை எழுதும் பொது நாட்குறிப்பையும் பாதுகாக்க எழுத்தில் உத்தரவு போக வேண்டும்.

கோப்புப் பட்டியலிலும் ஓட்டை விழும். ஆட்சியரே தலைவர் என்பதால், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த புகார் பொது மனுவாகப் பதிவாகி, நடவடிக்கைக்கு எஸ்.பி. அலுவலகம் போயிருக்கலாம். ஆணையப் பதிவேட்டை மட்டும் கைமாற்றினால் அது விடுபட்டுப்போகும். ஆணையப் பதிவேட்டையும் குறைதீர் மனுப் பதிவேட்டையும் ஒப்பிட்டே பட்டியல் போட வேண்டும். பதிவான வாக்குமூலம் செல்லும், கேட்பவருக்கு மட்டும் குறுக்கு விசாரணை என்றும் எழுதியாக வேண்டும். இல்லையேல் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அஞ்செட்டிக்காரர் கூலியை விட்டு மறுபடி வந்து நிற்க வேண்டும்.

மூன்றாவது, அமைப்பைக் கலைக்காமல் பெயரையும் ஆட்களையும் மாற்றுவது. இங்கிலாந்தின் காவல் புகார் ஆணையத்தில் 2018 ஜனவரியில் அப்படித்தான் செய்தார்கள்: அதே சட்ட அமைப்பு புதுப் பெயரில் தொடர்ந்தது, ஆணையர்களுக்குப் பதில் தலைமை இயக்குநர் வந்தார். கோப்பு நகரவே இல்லை. இங்கே தலைவர் பதவி ஆட்சியர் நாற்காலியோடு ஒட்டியிருப்பதால், அலுவலகமும் ஊழியரும் தனியாகாத வரை இது பலகை மாற்றமே.

பாதுகாப்பு உத்தரவும் ஒப்பிட்ட பட்டியலும் இருந்தால் இரண்டாவது வழியே மேல், அவை இல்லாவிட்டால் முதல் வழியே தேவலை. எதுவானாலும், மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்க சம்பவ நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. புது ஆணையம் வரட்டும் என்று காத்திருந்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.